தனுஷ்கோடியில் ஒரு பகல்

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களில் வாழும் நம்மவர் ஒருமுறையேனும் காணவேண்டிய தீவு இராமேசுவரம். வழிகாட்டி ஒருவர் துணையிருந்தால் ஒரே நாளில் சுற்றிவரலாம். கோயிலின் நெடும் பிராகாரத்தையும் 22 தீர்த்தங்களையும் தரிசித்தபின் வண்டி தனுஷ்கோடிக்குச் செல்கிறது. இருபுறமும் நீலக்கடல், நடுவே வெண்மணல். கண்கொள்ளாக் காட்சி!

ஆயினும் அங்கே இடிந்து நிற்கும் சுவர்கள் நெஞ்சை உருக்குகின்றன. 1914 முதல் இவ்வூரில் இரயிலைவிட்டு இறங்கியோர், கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். இலங்கைத் தேயிலை மலைகளை நாடிய ஏழைத் தமிழரும் அவருள் அடங்குவர். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயிலைக் கடல் வாரிக்கொண்டது, ஊரும் அழிந்தது. இரயில்வே ஊழியனாகிய யான் அவ்விடத்தில் தலைதாழ்த்தி நின்றேன்.

பிழைப்புக்காக மலையேறியவர்கள் நாம். பிழைப்புக்காகக் கடல் கடந்தோர் மிதித்த அம்மண்ணை நம் பிள்ளைகளும் காணவேண்டும்.