அப்பத்தாவும் 116 ஹெர்ட்ஸும்

எனக்குக் கவிதை வராது. மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று செயலாளர் அண்ணன் மெஸ் வரைக்கும் துரத்தி வந்ததால், இன்டர்நெட்டில் நான் பொறுக்கிய ஒலிச் சமாச்சாரங்களில் ஒன்றை எழுதுகிறேன்.

அப்பா மைக் செட் வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ரூமில் மற்றவர்கள் ரீல்ஸ் பார்க்கும்போது நான் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக்கொண்டிருப்பேன். 1977-ல் அமெரிக்கா அனுப்பிய வாயேஜர் விண்கலங்களில் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. அதில் 55 மொழிகளில் வணக்கம். தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, தமிழ் இல்லை! அந்தக் கடுப்பில் மேலும் தேடியபோது கிடைத்தவர்தான் ஸ்காட்.

பாரீசைச் சேர்ந்த எட்வார்ட் லியோன் ஸ்காட் 1857-ல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். கூம்புக்குள் பேசினால் சவ்வு அதிரும். அதில் ஒட்டிய முள், உருளையில் சுற்றிய புகைக்கரி படிந்த காகிதத்தில் கோடு கிழிக்கும். அவ்வளவுதான். குரலைக் கண்ணால் பார்க்கலாம், திருப்பிக் கேட்க வழியில்லை. (எடிசனின் போனோகிராப் 1877-ல்தான் வந்தது.) 1860 ஏப்ரல் 9-ல் அவர் பதிந்த ஒரு பாட்டை, 2008-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரில் ஒலியாக மாற்றினார்கள். சின்னப் பெண் பாடுவதுபோல் இருந்தது. அடுத்த வருஷமே தப்பு தெரிந்துவிட்டது. பாட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டியூனிங் ஃபோர்க்கின் அதிர்வையும் ஸ்காட் பதிந்து வைத்திருந்தார். அதை இவர்கள் இரண்டு மடங்காகக் கணக்குப் பண்ணியிருந்தார்கள். வேகத்தைப் பாதியாக்கினால் ஆண் குரல்! பாடியது ஸ்காட்டேதான் என்று நம்புகிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு கேசட் ஞாபகம் வந்தது. திருவிழாவில் அப்பத்தா பாடிய கும்மிப்பாட்டு, அப்பா ஆம்ப்ளிபையரில் டெக்கைச் செருகிப் பதிந்தது. நான் பிறக்கும் முன்பே அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். பதிந்த டெக்கில் போட்டால் சரியாக இருந்ததாம். அது கெட்டு வேறு டெக் வாங்கியதிலிருந்து கீச்சுக்குரல்தான். "இது ஆத்தா கொரலே இல்லடா" என்று பாதியில் அணைத்துவிடுவார்.

அதாவது, பழைய டெக் மெதுவாக ஓடியிருக்கிறது. ஆனால் எவ்வளவு மெதுவாக? ஸ்காட்டிடம் ஃபோர்க் இருந்தது, எங்களிடம் என்ன இருக்கு?

இரைச்சல் இருந்தது! பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் என்றால் ரிப்பிள் 100. (இன்டர்னல் டெஸ்டில் இதே கேள்விக்கு நான் தப்பாக எழுதினேன் என்பது வேறு கதை.) கேசட்டை லேப் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். 100-ல் ஒன்றுமில்லை. 116-ல் ஊசி மாதிரி ஒரு முனை. வேகத்தை 13.8 சதவீதம் குறைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய் செல்லில் போட்டேன். அப்பா கையில் சால்டரிங் அயர்ன். கீழே வைக்கவில்லை, பேசவும் இல்லை. மூன்றாவது அடியில், "இப்ப இருமும் பாரு" என்றார்.

அப்பத்தா இருமினார்.

சாப்பிட்டுவிட்டுப் பரணில் ஏறி இன்னும் மூன்று கேசட் இறக்கினார். ஒன்றில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. டேப் பாழாகாமல் அதைத் துடைக்கத் தெரிந்தவர்கள் ஹாஸ்டல் 14-ஆம் ரூமுக்கு வரவும். டீ என் செலவு.