பஸ் இருக்க ஏன் பைக்?

"பஸ் இருக்கத்தானே, எதுக்கு பைக்ல போறீங்க?" என்று ஆசிரியர்களாகிய எங்களிடம் ஜிந்துப்பிட்டியில் அடிக்கடி கேட்கிறார்கள். ஆப்பில் பைக் பிடிப்பதை ஆடம்பரமாக நினைக்கிறார்கள்.

பஸ் இருக்கிறதுதான். புறக்கோட்டைக்குப் போனால் வெள்ளவத்தைப் பக்கம் போக 100, 101 வரிசையாக நிற்கும். அது நிற்பதுதான் எங்கள் பிரச்சினை. தனியார் பஸ்ஸில் அன்றன்று சேரும் காசை நம்பித்தான் ட்ரைவரும் கொண்டக்டரும். ஆள் நிரம்பும்வரை பஸ் ஊரும், பின்னால் இன்னொன்று வந்தால் பறக்கும். எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாடசாலை மணியோ 7.30க்கு அடித்துவிடும். பிந்தினால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு.

ஆட்டோவும் அதே நெரிசலில்தான் நிற்கும். மாதம் முழுக்க அதில் போக எங்கள் சம்பளம் காணாது. பைக் இடுக்கால் நுழைந்து போய்விடும். ஏறுமுன்பே காசும் தெரியும்.

2022 ஜூனில் பெட்ரோல் லீட்டர் 470 ரூபாவானது. அடுத்து கியூஆர் வந்தபோது வாரத்துக்கு ஆட்டோவுக்கு 5 லீட்டர், பைக்குக்கு 4 லீட்டர். ஆனாலும் கூடுதல் தூரம் ஓடியது பைக்தான். பிக்மி, ஊபர் பைக்கில் ஏறுவதன் கணக்கு அப்போதுதான் எங்களில் பலருக்கு விளங்கியது.

அந்நிய ஆணுக்குப் பின்னால் பெண் இருந்து போவதா என்று கேட்பவர்களும் உண்டு. பஸ் நெரிசலில் எங்கள் டீச்சர்மார் படும் பாட்டையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த பைக்கை ஓட்டுபவர்களில் பலர் எங்கள் வகுப்பின் பின்வாங்கில் இருந்துவிட்டு ஓ/எல்லோடு நின்ற பிள்ளைகள். பெட்ரோல், டயர், மழை எல்லாம் அவர்கள் பாடு. ஆப்காரர் தன் பங்கைக் கழித்துக்கொள்வார். விழுந்தால் முதலில் அடிபடுவதும் அவர்கள்தான். நாங்களோ பின்னால் இருந்து "கெதியாப் போங்க தம்பி" என்கிறோம்.

ஆகவே பைக்கில் போகாதீர்கள் என்று சொல்லமாட்டோம். பத்து நிமிடம் முந்தி இறங்குவோம். ஹெல்மட் பட்டியைப் பூட்டுவோம். அபாயா, சாரி ஓரங்கள் சில்லில் சிக்காமல் ஒதுக்கிக்கொள்வோம். தம்பியை அவசரப்படுத்தாமல் இருப்போம்.

நேரத்துக்கு வரும் பஸ்ஸையும் விடாமல் கேட்போம். அது வந்தால் நாங்களும் பஸ்ஸில்தான்.