ஓரிக்கைப் பனைகள்

காஞ்சிபுரம் செல்லும் யாத்திரிகர்கள் காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் வரதராஜப் பெருமாளையும் சேவித்துவிட்டு, வீட்டுப் பெண்மணிகளின் மனம் குளிர ஒரு பட்டுப் புடவையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். நகரின் தென்கோடியில், உத்திரமேரூர்ச் சாலையில், பாலாற்றை ஒட்டியிருக்கும் ஓரிக்கையை எட்டிப் பார்ப்பவர் சிலரே.

அந்த ஊரின் பெயருக்கே ஒரு கதை உண்டு. திருமழிசையாழ்வாரின் சீடரான கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். சீடருடன் ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் சொன்ன வண்ணமே பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடமே ‘ஓரிரவிருக்கை’ ஆகி, ஓரிக்கை என மருவியது என்பார்கள். காஞ்சிப் பெரியவர் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் நினைவாக இங்கே எழுந்துள்ள கருங்கல் மணிமண்டபத்துக்கு 2011-ம் வருஷம் கும்பாபிஷேகம் நடந்தது.

ஆனால் நாம் இங்கே சொல்ல வந்தது கோயிலைப் பற்றி அன்று, பனையைப் பற்றி. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாய்க் கிடக்கும் பாலாற்றுப் பிரதேசத்தில், ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் நீர் ஊற்றுவாரின்றி நிற்கும் மரம் அது. ஆற்றுக்கு அப்பால் உள்ள திருப்பனங்காடு, பனையையே தல விருட்சமாகக் கொண்ட க்ஷேத்திரம். சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்றது.

நாம் சென்றது வைகாசி மாதம், நுங்குக் காலம். மரம் ஏறுகிறவர் கால்களில் தளைநாரை மாட்டிக்கொண்டு, மார்பை மரத்தோடு அணைத்து அணைத்து மேலே போகிறார். கருக்கு மட்டைகளுக்கிடையே புகுந்து, அரிவாளால் குலையை அறுத்து, காய்கள் சிதறாதபடி கயிற்றில் கட்டி இறக்குகிறார். கீழே காயின் தலையைச் சீவினால் பெரும்பாலும் மூன்று கண்கள் தெரியும். கட்டைவிரலை விட்டு நெம்பி எடுத்தால் நுங்கு கையோடு வந்துவிடும். அந்த வெயிலில் அதற்கு ஈடான ஆகாரம் வேறு இல்லை. மிஞ்சிய கூந்தலைக் கோத்துப் பிள்ளைகள் வண்டி ஓட்டுவார்கள்.

வெட்டாமல் விட்ட காய்கள் ஆடி, ஆவணியில் கறுத்துப் பழுத்துத் தாமே விழும். அவற்றைத் தணலில் சுட்டு, நாரோடு கூடிய மஞ்சள் சதையைச் சூப்பித் தின்பது ஒரு தனி ருசி. எஞ்சிய கொட்டைகளை மணற்பாங்கான நிலத்தில் பாத்தி கட்டி நெருக்கமாகப் புதைத்தால், முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகத் திரளும். மார்கழி, தையில் தோண்டி எடுத்து, உப்பும் மஞ்சளும் சேர்த்து வேகவைத்து, தோலுரித்து, இரண்டாய்ப் பிளந்து, நடுவிலுள்ள தும்பை நீக்கித் தின்ன வேண்டும். கொட்டையை உடைத்தால் உள்ளே பஞ்சு போன்ற தித்திப்பான பூரானும் கிடைக்கும்.

சாலையோரம் நுங்கு விற்ற ஒரு மூதாட்டியிடம், “பாட்டி, தை மாதம் வந்தால் கிழங்கு கிடைக்குமா?” என்று கேட்டோம்.

“எல்லாக் குலையையும் இப்பவே வெட்டிட்டா, பழமா விழறதுக்கு என்னய்யா இருக்கு? பழம் விழுந்தாத்தானே கொட்டை!” என்றாள்.

நேயர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். நுங்காகத் தின்றாலும் ஒரு பனை குறைகிறது. கிழங்காகத் தின்றாலும் குறைகிறது. பழமாகத் தின்றால் மட்டுமே வித்து மிஞ்சுகிறது. நகரத்தாருக்கு வேண்டியதோ நுங்கு ஒன்றே.

இந்தத் துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. இமயமலையில், சட்லெஜ் நதிப் பள்ளத்தாக்கிலுள்ள கின்னௌரில், சில்கோஜா என்னும் பைன் மரம் வளர்கிறது. இலையுதிர் காலத்தில் அதன் பச்சைக் காய்களை, விரிந்து விதை சிதறுவதற்கு முன்பே, கொக்கி கட்டிய கழிகளால் பறிக்கிறார்கள். குவித்து வைத்து, செதில் விரிந்ததும் தட்டி, நீண்ட விதைகளைப் பிரித்தெடுக்கிறார்கள். வறுத்து, ஓட்டை உடைத்துத் தின்னும் அந்தப் பருப்புக்கு நாடெங்கும் நல்ல விலை. கல்யாணங்களில் அதையே மாலையாகக் கோத்து விருந்தினருக்கு அணிவிப்பார்கள். ஆயினும், காய்களையெல்லாம் பறித்துவிடுவதால் காட்டில் இளங்கன்றுகள் அருகிவிட்டன என்று வன சாஸ்திரிகள் எச்சரிக்கிறார்கள். பனிமலையிலும் பாலாற்றங்கரையிலும் கணக்கு ஒன்றே: மரத்தின் பங்கை மரத்துக்கு விடாதவன், பேரனின் பங்கைத் தின்கிறான்.

பனை நம் மாநில மரம். 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் தமிழக அரசாங்கம் வெளியிட்ட முதல் வேளாண் வரவு செலவுத் திட்டத்தில், 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்குவதென்றும், கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்றும் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆனால் பனை காய்க்கப் பதினைந்து வருஷம் போலக் காத்திருக்க வேண்டும். பூத்த பிறகே அது ஆணா பெண்ணா என்பதும் தெரியும். இத்தனை பொறுமை அரசாங்க உத்தரவால் மட்டும் வந்துவிடாது. ஜனங்களிடம் இருக்க வேண்டும்.

மரத்துக்கு ஒரு குலையேனும் பழுக்க விடட்டும் குத்தகைதாரர்கள். காஞ்சிக்கு யாத்திரை வருபவர்கள் ஆவணியில் வந்து, கீழே விழுந்த ஒரு பழத்தைச் சுவைத்து, அதன் கொட்டைகளை ஏதேனும் ஓர் ஏரிக்கரையில் ஊன்றிவிட்டுப் போகட்டும். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. பலனோ நம் சந்ததியாருக்கு.