கசிவும் காரணமும்

வாகனங்களைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி உண்டு என்று வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். அரபி இலக்கணமும் தமிழ் இலக்கணமும் போதித்தே தலை நரைத்தோம்; ஸ்பானருக்கும் நமக்கும் யாதோர் உறவும் இல்லை. ஆயினும் அண்மையில் ஒரு சுமை வண்டியின் அடியில் சொட்டிய எண்ணெய், முப்பது ஆண்டுகளாக நாம் பிறருக்குச் சொல்லிவந்த பாடமொன்றை நமக்கே கற்பித்துச் சென்றது.

வில்லியனூரில் வசிக்கும் நம் சகோதரியின் மகன் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். பாகூர், ஏம்பலம் பக்கத்துக் கிராமங்களில் பின்னிரவில் காய்கறி ஏற்றி, விடியுமுன் புதுவைப் பெரிய மார்க்கெட்டில் இறக்குவது அவன் தொழில். தகப்பனை இழந்த குடும்பம். தாயின் நகைகள் அடகில் இருக்கின்றன. வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து நம்முடையது.

ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகை முடிந்து திரும்புகையில், வண்டி நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருக்கக் கண்டோம். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்த மருமகனின் முகம் வாடியது. எண்ணெய், கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. எண்ணெய் வற்றிய எஞ்சினில் உராயும் பாகங்கள் சூடேறி இறுகிவிடும். அதன் பின் வண்டி வெறும் இரும்பு.

பத்து நாட்களுக்கு முன்புதான் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் எண்ணெய் மாற்றியிருந்தார்கள். மாற்றிய இளைஞன் நம்மிடம் ஓதிய பிள்ளை. வேறெதையும் யோசியாமல் நேரே பட்டறைக்குச் சென்றோம். “வடிகால் நட்டைக்கூட ஒழுங்காக முறுக்கத் தெரியாதா? ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாயே!” என்று நாலு பேர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். அவன் தலைகுனிந்து நின்றான். “பார்க்கிறேன் ஹஜ்ரத்” என்பதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நட்டை இறுக்கிய பிறகும் எண்ணெய் சொட்டியது. வேறொரு பட்டறையில் காட்டினோம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் நனைந்திருப்பதைக் கண்ட அவர்கள், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸையே இறக்கவேண்டும் என்றார்கள். பல்லாயிரம் ரூபாய்ச் செலவு. ஒரு வாரம் வண்டி நிற்கும். அந்த ஒரு வாரம்தான் அம்மாதத் தவணை.

கடைசியில் பாகூர் ஏரிக்கரைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. “முதலில் கழுவுங்கள்” என்றார். “எண்ணெய் கீழே இறங்கும், ஓடுகிற காற்று அதைப் பின்னால் அப்பிவிடும். சொட்டுகிற இடம் எதையும் சொல்லாது. நனைந்த இடங்களில் ஆக மேலே உள்ளது எது என்று பார்க்கவேண்டும். ஏரிக்கரையின் அடியில் ஈரம் கண்டால் ஓட்டையும் அங்கேயேவா இருக்கிறது, ஐயா?”

எஞ்சின் ஆறியபின் சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, பழைய அழுக்கையெல்லாம் தூரிகையால் தேய்த்துத் துடைத்து உலரவிட்டார். பின்பு முகத்துக்குப் பூசும் பவுடரை எஞ்சினின் பக்கங்களில் தூவி, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்ததும் விளக்கடித்துப் பார்த்தோம். நாம் குற்றம் சாட்டிய வடிகால் நட்டு, பவுடர் கலையாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு மட்டும் மேலிருந்து ஓர் ஈரக்கோடு இறங்கியிருந்தது. அதைப் பின்பற்றி விளக்கை உயர்த்த, எஞ்சினின் உச்சியில் டேப்பட் கவரின் பின்மூலையில் போய் அது முடிந்தது. அங்கிருந்த பேக்கிங் காய்ந்த தோலைப்போல் விறைத்திருந்தது.

“மாற்றிவிட்டால் தீர்ந்ததா?” என்றோம். முதியவர் நகைத்தார். “இது ஏன் இவ்வளவு சீக்கிரம் தோற்றது என்று கேட்கவேண்டாமா?” எரியும் வாயுவில் சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சினின் கீழறைக்குள் வந்துவிடுமாம். அது வெளியேறுவதற்கென்றே ஒரு பிரீதர் குழாய் உண்டு. அக்குழாயைக் கழற்றினார், உள்ளே கரிய கசடு அடைத்துக் கிடந்தது. வழியற்ற வாயு அழுத்தமாகி, தளர்ந்த விளிம்பு ஒன்றைத் தேடி எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. வெறும் பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் விரைவில் கசிந்திருக்கும்.

குழாயைச் சுத்தம் செய்து மாட்டியபின், எஞ்சினை மெல்ல ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். புகை குபுகுபுவென்று வந்தால் வளையங்களே தேய்ந்துவிட்டன என்று பொருளாம். மருமகன் கண்களை மூடிக்கொண்டான். மெல்லிய ஆவி மட்டுமே எழுந்தது. அல்ஹம்துலில்லாஹ்! எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுப் புதிய பேக்கிங் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மிகையாக இறுக்காமல் நட்டுகளை முறுக்கினார். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. அன்று பின்னிரவே வண்டி காய்கறி ஏற்றச் சென்றது.

அரபியில் ‘இல்லத்’ என்றொரு சொல் உண்டு. நோய் என்றும் பொருள். காரணம் என்றும் பொருள். ஹதீஸ் கலையிலோ, வெளிப்பார்வைக்குக் குறை தெரியாத அறிவிப்பினுள் மறைந்துகிடக்கும் பழுதுக்கு அதுவே பெயர். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இமாம் தாரகுத்னீ இத்தகைய பழுதுகளை ஆராய்ந்தே பெருநூல் யாத்தார். ஓர் அறிவிப்பு வந்த வழிகளையெல்லாம் திரட்டி, அருகருகே வைத்து ஒப்பிட்டு, பிழை எவரிடத்தில் புகுந்தது என்று தேடுவது அவ்வறிஞர்களின் முறை. கடைசியாகத் தொட்ட கைக்கே குற்றத்தைக் கட்டிவிடுவது அவர்கள் வழக்கமன்று. இதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். நம் வீட்டு வாசலில் நாலு சொட்டு எண்ணெய் விழுந்ததும், கடைசியாகத் தொட்ட கையைத்தான் பிடித்தோம்.

மறுநாள் அஸருக்குப் பின் அந்தப் பட்டறைக்குச் சென்றோம். முன்பு நாலு பேர் முன்னிலையில் கடிந்தோம். இப்போதும் நாலு பேர் இருக்கும் நேரம் பார்த்தே சென்றோம். நடந்ததைச் சொல்லி, பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டோம். அவன் பதறிப்போய் நம் கைகளைப் பற்றிக்கொண்டான்.

“ஹஜ்ரத், நீங்கள் சொன்ன அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. நான்தான் சரியாக முறுக்கவில்லையோ என்று நடுநிசியில் வந்து, வண்டிக்கடியில் படுத்து அந்த நட்டை விளக்கடித்துப் பார்த்தேன்” என்றான்.

இறுக்கமாகவே இருந்த ஒரு நட்டை, நம் சொல்லை நம்பி, தன் கையையே சந்தேகித்து இருளில் தடவிப்பார்த்திருக்கிறது ஒரு பிள்ளை. எண்ணெய்க் கசிவை அடைக்க ஒரு பேக்கிங் போதுமாயிருந்தது. ஆசான் என்பதால் நம் சொல்லுக்கு உள்ள பாரத்தை இனியேனும் அறிந்து பேசவேண்டும் என்று எண்ணியவாறே வீடு திரும்பினோம்.