கார் கதவுக்கு அளவு இருக்கு, சுவருக்கு இல்லை

நான் பொட்டி தட்டுறது ஒரகடம் பக்கம், கார் பாகங்கள் செய்யுற கம்பெனி ஒண்ணுல. வேலை ரொம்ப சிம்பிள். ஒரு கார் கதவை லேசர் ஸ்கேனர்ல அளப்பாங்க. லட்சக்கணக்குல புள்ளிகள் வரும். அதை டிசைன் ஃபைல் மேல வச்சுப் பார்த்து, எங்க அரை மில்லிமீட்டர் பிதுங்கியிருக்கு, எங்க உள்ள போயிருக்குன்னு சிவப்பு, நீலம்னு கலர் அடிச்சுக் காட்டணும். அந்த மென்பொருளைத்தான் நாங்க மேய்க்கிறோம். நாலு வருஷம் ஓடற ஒரு கதவுக்கு இத்தனை உபசாரம். நூத்தம்பது வருஷம் நின்ன ஒரு கட்டடத்துக்கு?

ரூம் எடுத்திருக்கிறது சிங்கப்பெருமாள் கோவில்ல. எங்க ஊர் பாடலாத்ரி நரசிம்மருக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது, பாறையைக் குடைஞ்ச சன்னதி. எந்தப் புயல் வந்தாலும் சிங்கம் அசையாது :-) செங்கல்லும் சுண்ணாம்புமா எழுப்பின கட்டடங்கள் பாடுதான் திண்டாட்டம்.

பாண்டிச்சேரி மேரி கட்டடம் ஞாபகம் இருக்கா? கடற்கரைச் சாலையில இருந்த பழைய நகராட்சிக் கட்டடம், 1870 வாக்குல பிரெஞ்சுக்காரங்க கட்டினது. 2011 டிசம்பர் 30 காலையில 'தானே' புயல் பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. மரமெல்லாம் சாஞ்சு, கரண்ட் கம்பமெல்லாம் மடங்கிப் போன புயல். மேரி நின்னுது. அப்புறம் 2014 நவம்பர் 29, ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. புயல் கூட இல்லீங்க, வெறும் மழை. கட்டடம் இடிஞ்சு தரையோட தரையா விழுந்துச்சு. தானேதான் காரணம்னு நான் சொல்ல வரல. அதை யாராலும் இன்னிக்குச் சொல்ல முடியாதுங்கிறதுதான் என் வருத்தம். புயலுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன், பின்னாடி ஒரு ஸ்கேன் கையில இருந்தா ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, எந்தச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் வெளிய சாஞ்சிருக்குன்னு பார்த்திருக்கலாம். எங்க கதவுக்கு தினமும் பண்றது அதைத்தானே.

அப்புறம் உலக வங்கி உதவியோட அதே மாதிரி திரும்பக் கட்டினாங்க. சுமார் 15 கோடி ரூபாய், 2021 பிப்ரவரில திறப்பு விழா. அழகாத்தான் இருக்கு. ஆனா அது பேரன், தாத்தா இல்ல.

பாரிஸ் நோத்ர தாம் கதை வேற. ஆண்ட்ரூ டாலன்னு ஒரு கலை வரலாற்றுப் பேராசிரியர், 2010-ல அந்த தேவாலயத்தை லேசர் வச்சு உள்ளும் புறமும் அளந்தார். நூறு கோடிக்கு மேல புள்ளிகள். அவர் 2018 நவம்பர்ல இறந்துட்டார், அஞ்சு மாசம் கழிச்சு தீப்பிடிச்சது. திரும்பக் கட்டினவங்களுக்கு அந்தப் புள்ளிகள் எவ்வளவு உதவியிருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. தனி மனுஷன் ஆசைக்குப் பண்ணின வேலை!

சரி, ஸ்கேன் பண்ணிட்டா போதுமான்னா, போதாது. புள்ளிகள் தோலை மட்டும்தான் காட்டும். பழைய சுவர் நிறைய இடத்துல வெளிப்பக்கம் ஒரு அடுக்கு, உள்பக்கம் ஒரு அடுக்கு, நடுவுல உடைகல்லும் சுண்ணாம்புமா இருக்கும். மேல விரிசல் வழியா தண்ணி இறங்கினா நடுவுல இருக்கிறது கரைஞ்சு, கனத்து, ரெண்டு தோலையும் வெளிய தள்ளும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல சிமெண்ட் பூசினா இன்னும் மோசம், உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லை. கம்ப்யூட்டர் மாடல்ல சுவர் முழுக்க ஒரே பொருள்னு வச்சா கணக்கு சீக்கிரம் முடியும், ஆனா செங்கல் கட்டடம் அப்படி நடந்துக்காது. எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தா விட்டுடும். அதனால சிலர் ஒவ்வொரு கல்லையும் தனித்தனிக் கட்டியா வச்சுக் கணக்குப் போடுறாங்க. அதுக்கும் அந்தச் சுண்ணாம்போட பலம் தெரியணும். கூடவே இன்னொரு சோதனையும் உண்டு, செங்கல் இடுக்குல மெலிசா ஒரு வெட்டு போட்டு, தட்டையான ஜாக்கி ஒண்ணைச் சொருகி, அந்த இடத்துல சுவர் எவ்வளவு பாரம் சுமக்குதுன்னு அளக்கிறது. கம்ப்யூட்டர் அழகா கலர் காட்டுதேன்னு இதையெல்லாம் விட்டா படம்தான் மிச்சம்.

எனக்கு இது வெறும் ஆர்வம் இல்ல. செங்கல்பட்டுக்குப் பக்கத்துல அத்தை வீடு. மெட்ராஸ் டெரஸ்னு சொல்வாங்களே, தேக்கு உத்தரத்து மேல செங்கல்லை நெட்டுக்குத்தா அடுக்கி சுண்ணாம்பு போட்ட கூரை. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்கு அப்புறம் தெற்குச் சுவர்ல நீளமா ஒரு விரிசல். மாமாவுக்கு இடிச்சுட்டு கான்கிரீட் போட ஆசை. அத்தை, "நான் போனப்புறம் இடிச்சுக்கோங்க"ன்னு ஒரே வார்த்தை.

2024 மே மாசம் சுவர்ல ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி, போன்லயே இருநூறு படம் எடுத்தேன். படங்களைக் கோத்து மாடல் ஆக்குற இலவச மென்பொருள் இருக்கு, ரெண்டு மாடலை ஒப்பிடவும் இருக்கு. நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் வந்து பாண்டிச்சேரியில ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல கொட்டிச்சு, எங்க பக்கமும் விடல. ஜனவரியில போய் அதே சுவரை அதே மாதிரி எடுத்தேன். விரிசல் கீழ அப்படியே இருக்கு, மேல மட்டும் மூணு மில்லிமீட்டர் விரிஞ்சிருக்கு. என் முறையில ஒரு மில்லிமீட்டர் முன்னப்பின்ன இருக்கும், அதைக் கழிச்சாலும் அது அசைவுதான். சுவர் சாயல. விரிஞ்ச இடத்துக்கு நேர் மேல மொட்டை மாடித் தண்ணிக் குழாய் அடைச்சிருக்கு, அதுல ஒரு அரசங்கன்று.

லேப்டாப்பை மேஸ்திரிகிட்ட காட்டினேன். பொறுமையா பார்த்தார். "அஸ்திவாரம் இறங்கல தம்பி, தண்ணிதான். செடியை வேரோட எடுக்கணும்"னுட்டு, விரிசலுக்குக் குறுக்கா ரெண்டு கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்பு வச்சு ஒட்டி, கரித்துண்டால தேதி எழுதினார். அசைஞ்சா கண்ணாடி உடையுமாம். மொத்தச் செலவு, மாமா குடுத்த டீ.

குழாய் மாத்தியாச்சு, சிமெண்ட் பூசக்கூடாதுன்னு மாமாகிட்ட சத்தியமே வாங்கியாச்சு. கண்ணாடி ரெண்டும் இன்னும் முழுசா இருக்கு. ஒவ்வொரு மழைக்கும் அத்தை போன் பண்ணி அதைத்தான் முதல்ல சொல்றாங்க, அப்புறம்தான் "சாப்பிட்டியா".