கால் மறக்காத வேகம்

பரணிலிருந்து இறக்கிய ஷூவின் சோல் தனியாகக் கையோடு வந்துவிட்டது. எட்டு வருடச் சென்னைப் புழுக்கத்தில் பசை செத்துப்போயிருந்தது. 2017 ஜனவரியில் அதைப் போட்டுக்கொண்டுதான் அரை மாரத்தானை 1 மணி 58 நிமிடத்தில் ஓடி முடித்தேன். அப்புறம் மாமியார் படுத்த படுக்கையானார், மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வந்தது, கொரோனா வந்தது. ஓட்டத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அடுத்த மாதம் தொடங்குவதாகத்தான் எட்டு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புது ஷூ வாங்கி, பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பித்தேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. ஆனால் நடந்தால் மானம் போய்விடும் என்ற நினைப்பு நம் ஊர் ஓட்டக்காரர்களுக்கு உண்டு. எனக்கும் இருந்தது. எதிரே தெரிந்த முகம் வந்தால் சட்டென்று ஓடுவேன். அவர் தாண்டியதும் மறுபடி நடப்பேன்.

மூச்சு சீக்கிரம் திரும்பிவிட்டது. ஓடாமல் இருந்தால் இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடும். மறுபடி ஓட ஆரம்பித்ததும் முதலில் மீள்வதும் அதுதான். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்காகும். திரும்பி வருகிறவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில். ஐந்தாம் வாரம் மூச்சே வாங்கவில்லை என்ற தெம்பில் 8 கிலோமீட்டரை 12 ஆக்கினேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால், வலது குதிகாலுக்கு மேலே முறுக்கிக் கட்டிய கயிறு போல ஒரு விறைப்பு. பத்து நாள் ஓட்டம் இல்லை. அதைச் சரிசெய்ய, மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன். பால் போட வந்தவர், "பாத்துங்கம்மா, விழுந்துடப் போறீங்க" என்றார்.

பதினாறாவது வாரம் அரை மாரத்தான் போட்டி. கிழக்குக் கடற்கரைச் சாலை, விடிகாலை 5 மணி. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்பது என் கணக்கு. முடியாவிட்டால் 2:30 பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். (குறித்த நேரத்தில் முடிக்கும்படி, கொடி கட்டிக்கொண்டு சீராக ஓடும் பேசரையும் அவரைச் சுற்றி ஓடும் கூட்டத்தையும் நாங்கள் பஸ் என்போம்.) ஹாரன் அடித்ததும் கால் 2017-க்குப் போய்விட்டது. முதல் கிலோமீட்டர் 6:05. எங்கேயும் வலியில்லை, மூச்சிரைப்பு இல்லை, காற்று வேறு ஜில்லென்று இருந்தது. 'இதற்கா இத்தனை பயந்தோம்' என்றுகூடத் தோன்றியது. 5 கிலோமீட்டரை 31 நிமிடத்தில் தாண்டினேன். கடிகாரத்தைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், நம்பவில்லை.

13-வது கிலோமீட்டரில் இடது பக்கம் கடலுக்கு மேலே சூரியன் வந்தது. அதற்குள் தொடை இரண்டும் ஊறிய மரக்கட்டையாகிவிட்டன. உதட்டில் உப்புக் கரித்தது. புருவத்தைத் துடைத்தால் விரலில் பொடிப்பொடியாக உப்பு ஒட்டியது. தண்ணீர் தரும் இடத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி ஆரஞ்சுச் சுளையில் உப்பைத் தூவி நீட்டினாள். "சூப்பர் ஆன்ட்டி, விடாதீங்க!" 2017-இல் நான் அக்கா. அந்தச் சுளையைக் கடித்ததும் தாடை கூசியது. ஆனால் இருபது அடி தூரத்துக்குக் கால் லேசானது.

15-வது கிலோமீட்டரில் பஸ் என்னைத் தாண்டியது. கொடி கண்ணை விட்டு மறைந்ததும் நடந்தேன். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. பயிற்சிக்கு வரும் தெரிந்த முகங்கள் இரண்டு கையசைத்துக்கொண்டு போயின. நான் நடந்துகொண்டேதான் கையசைத்தேன். அந்த ஒரு நிமிட நடை இல்லாமல் போயிருந்தால் ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பேன்.

கடிகாரம் அரை மாரத்தானின் 21.1 கிலோமீட்டரைக் காட்டியபோது முடிவுக்கோடு கண்ணுக்கே தெரியவில்லை. பாதையை வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, மிகக் குறுகிய வழியில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். அந்த 21 மீட்டரை மன்னிக்கலாம். மிச்சம், முதல் 5 கிலோமீட்டரில் நான் இவரை முந்தி அவரை முந்தி வளைந்து வளைந்து ஓடியது. மொத்தம் 21.4. நேரம் 2 மணி 39 நிமிடம்.

மறுநாள் அலுவலகத்தில் மாடியிலிருந்து இறங்க வேண்டும். தொடை மடங்க மறுத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கினேன். இப்படி இறங்கினால் அவ்வளவாக வலிக்காது. கீழே நின்றிருந்த செக்யூரிட்டி பாதி தூரம்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "லிஃப்ட்டு வேலை செய்யுதே மேடம்?"