மேருவுக்கு வந்த ஆரஞ்சுச் சிறகு

மலேசியாவின் மேருவில் செம்பனைக்கும் புதுத் தாமானுக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் லாலாங் புல்வெளியில் ஞாயிறு காலைகளில் பூச்சி பார்க்கப் போவதுண்டு. தும்பி, வெட்டுக்கிளி எல்லாம் உண்டு. நான் தேடுவது டானி கோஸ்டர் என்ற பட்டாம்பூச்சியை. ஆரஞ்சுச் சிறகு, கரும்புள்ளிகள். உடம்பில் நஞ்சு இருப்பதால் பறவைகள் சீண்டுவதில்லை. அதனால்தானோ என்னவோ, பறப்பதிலும் ஒரு மெத்தனம்! அந்த மெத்தனத்தோடுதான் இந்தியா, இலங்கைப் பக்கமிருந்து பரவி 1990களில் மலேசியா, 2006இல் சிங்கப்பூர், 2012இல் ஆஸ்திரேலியா வரை போயிருக்கிறது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தார்கள். இந்தப் பூச்சிக்குக் கடப்பிதழும் கிடையாது.

முட்டையிடுவது சிறுபூனைக்காலி போன்ற கொடிகளில். புழுக்களுக்கு அந்த இலைதான் சோறு. நாம் களையென்று மருந்தடிப்பதும் அந்தக் கொடிக்குத்தான். மேருக்காரர்களே, வேலியோரத்தில் ஒரு கொடியையாவது விட்டுவையுங்கள்.